கோபத்துக்குப் பலியான டாக்டர்

தனக்கு எப்படிச் சாவு வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் லண்டன் நகரில் வாழ்ந்த ஒரு டாக்டருக்கு அது தெரிந்திருந்தது. கோபம்தான் தன்னைக் கொல்லும் என்று அவர் சொல்லிக் கொண்டே இருந்தார். எவனாவது ஒரு போக்கிரி தன்னைச் சீண்டிவிட நினைத்தால் போதும், தன் உயிர் அவன் கையில்தான் என்பார். நண்பர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் சொன்னபடியே நடந்தது.

அவர் பெயர் ஜான் ஹண்டர். ரண சிகிச்சையை ஒரு விஞ்ஞானமாக ஆக்கியவர். அம்மை குத்தும் முறையைக் கண்டுபிடித்த ஜென்னருக்கு குரு. அவர் மனிதருடைய உடம்பை அறுத்துப் பார்த்தார். மிருகங்கள், பறவைகள், மீன்கள், பூச்சிகள், எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்தார். தன் உடம்பையும் விடவில்லை. தனக்கு எப்போது நெஞ்சு வலிக்கிறது, எதனால் வலிக்கிறது என்று கவனித்துக் கொண்டே வந்தார். மனதுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று நாம் பேசுகிறோமே, அதை அவர் தன் நெஞ்சிலேயே பார்த்தவர்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

ஸ்காட்லாந்து நாட்டில் லாங் கால்டர்வுட் என்ற பண்ணையில், 1728-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜான் பிறந்தார். பெற்றோருக்கு 10 குழந்தைகள். இவர்தான் கடைக்குட்டி. 13 வயதில் தந்தையை இழந்தார்.

படிப்பு ஏறவில்லை. புத்தகத்தைத் தொட்டால் தூக்கம் வரும். ஆனால் வெளியே விட்டுவிட்டால் நாள் முழுவதும் சுற்றுவார். மேகம் ஏன் நகருகிறது, இலை ஏன் நிறம் மாறுகிறது, எறும்பு எங்கே போகிறது, தேனீ என்ன செய்கிறது என்று எல்லோரையும் கேட்டுத் துளைத்து எடுப்பார். பதில் சொல்ல முடியாமல் பெரியவர்கள் விரட்டி விடுவார்கள்.

ஜானுக்கு வில்லியம் என்று ஒரு அண்ணன். 10 வயது மூத்தவர். நன்றாகப் படித்து டாக்டராகி, லண்டனில் உடற்கூறு பாடம் சொல்லிக் கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். 1748-ம் ஆண்டில், 20 வயதுத் தம்பி குதிரை ஏறி லண்டன் போய்ச் சேர்ந்தான். அண்ணன் ஒரு பிரேதத்தின் கையைக் கொடுத்து, தசைகளைப் பிரித்துக் காட்டச் சொன்னார். தம்பி செய்த வேலையைப் பார்த்து அசந்து போனார். அப்படி நேர்த்தியாக அமைந்திருந்தது! பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் எடுத்த பையனுக்கு, கையிலே இருந்தது கல்வி.

அண்ணன் பள்ளியில் 11 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அறுத்துப் பார்க்கப் பிரேதம் வேண்டும் அல்லவா? அந்தக் காலத்தில் அது சுலபமாகக் கிடைக்காது. இரவில் இடுகாட்டில் குழி தோண்டிப் பிணம் திருடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பணம் கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பொறுப்பும் ஜான் தலையில்தான் விழுந்தது.

போர்க்களத்தில் ஒரு பாடம்

1761-ம் ஆண்டில் ராணுவ டாக்டராகப் போனார். பிரான்சு நாட்டுக்கு அருகே பெல் இல் என்ற தீவில் சண்டை. குண்டு பாய்ந்தவர்களின் புண்ணைக் கத்தியால் அகலப்படுத்திக் குண்டைத் தோண்டி எடுப்பதுதான் அன்றைய வழக்கம்.

அங்கே சில பிரெஞ்சு வீரர்கள், குண்டுக் காயத்தோடு ஒரு பண்ணை வீட்டில் சில நாள் ஒளிந்து கிடந்தார்கள். வைத்தியமே இல்லை. ஆனால் டாக்டர்கள் கத்தி போட்டவர்களைவிட அவர்கள் நன்றாகத் தேறி இருந்தார்கள்! ஹண்டர் இதைக் கவனித்தார். அவசியம் இல்லாமல் புண்ணைக் கிளறாதே என்று அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மற்ற டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. எல்லோரும் செய்வதைத் தானும் செய்வது என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

1763-ல் லண்டன் திரும்பினார். 1768-ல் செயிண்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை டாக்டர் ஆனார். பின்னாளில் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கும் டாக்டர் ஆனார்.

அவரிடம் ஒரு நல்ல குணம். வீட்டு வாசலில் பிரபுக்களும் ஏழைகளும் காத்திருந்தால், உழைத்துப் பிழைக்கிறவனை முதலில் கூப்பிடுவார். அவனுக்கு நேரம் போனால் கூலி போய்விடும், பணக்காரன் காத்திருக்கலாம் என்பது அவர் கணக்கு.

1785-ல் அவர் செய்த ஒரு ஆபரேஷன் பெரும் புகழைக் கொடுத்தது. குதிரை வண்டி ஓட்டும் ஒருவருக்கு, முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் புடைத்துப் பெரிய கட்டியாகி விட்டது. கட்டி உடைந்தால் சாவு. இல்லையென்றால் காலை வெட்ட வேண்டும். ஹண்டர் கட்டியைத் தொடவே இல்லை. மேலே தொடையில் அந்த ரத்தக்குழாயைக் கட்டி விட்டார். பெரிய வழி அடைபட்டால், பக்கத்தில் இருக்கும் சின்ன வழிகள் பெரிதாகி ரத்தம் கொண்டு போகும் என்று அவருக்குத் தெரியும். கால் பிழைத்தது. 6 வாரத்தில் வண்டிக்காரர் வீடு திரும்பினார்.

இரண்டு சிறுத்தைகள்

1771-ல், 43-வது வயதில், ஹண்டருக்குத் திருமணம். மனைவி ஆன் ஹோம் அழகி. கவிதை எழுதுவார். இசை மேதை ஹேடன், அவர் பாட்டுகளுக்கு மெட்டு அமைத்திருக்கிறார். முன்வாசலில் அம்மாளின் விருந்தினர்கள் வருவார்கள், பாட்டும் பேச்சுமாக இருக்கும். பின்வாசலில் ஐயாவுக்கு வேண்டிய பிரேதங்கள் வரும். அந்த அம்மாளின் பொறுமையை என்னவென்று சொல்வது!

லண்டனுக்கு வெளியே ஏர்ல்ஸ் கோர்ட் என்ற இடத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அங்கே பலவகை மிருகங்களை வளர்த்தார். தேன் கூடுகளும் வைத்திருந்தார். ஒரு நாள் இரண்டு சிறுத்தைகள் கட்டை அறுத்துக் கொண்டு வெளியே வந்துவிட்டன. நாய்கள் குரைத்தன. அக்கம் பக்கத்தார் அலறினார்கள். ஹண்டர் ஓடி வந்தார். ஒரு சிறுத்தை மதில் மேல் ஏறிக் கொண்டிருந்தது. மற்றொன்று நாய்களோடு கட்டிப் புரண்டு கொண்டிருந்தது. இரண்டையும் வெறுங்கையால் பிடித்து இழுத்து வந்து அடைத்தார்.

அடைக்கும் வரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவைச் சாத்திய பிறகுதான், செய்தது எவ்வளவு பயங்கரம் என்பது நினைவுக்கு வந்தது. உடம்பு பதறி, மயங்கி விழும் நிலைக்குப் போய்விட்டார். ஆபத்து தீர்ந்த பிறகு, அதைப் பற்றிய எண்ணம் மட்டுமே அந்த இரும்பு மனிதரைச் சாய்த்தது.

இன்னொரு வேடிக்கை. சிறுத்தைக்கு அஞ்சாத இந்த மனிதருக்கு மேடை என்றால் நடுக்கம். மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கும்போது, நடுக்கம் தெரியாமல் இருக்க 30 சொட்டு அபின் மருந்து குடித்துவிட்டுத்தான் வருவாராம்.

உழைப்போ சொல்லி முடியாது. காலை 6 மணிக்கு முன்பே எழுந்து அறுவை மேஜைக்குப் போய்விடுவார். பிறகு நோயாளிகள், ஆஸ்பத்திரி. மாலையில் ஒரு மணி நேரம் தூக்கம். அப்புறம் நடுநிசி தாண்டி எழுத்து வேலை. இரவில் 4 மணி நேரம்தான் தூங்குவார். சம்பாதித்த பணம் எல்லாம் எலும்புக்கூடுகள் வாங்குவதிலும் ஜாடிகள் வாங்குவதிலும் போயிற்று. லெஸ்டர் சதுக்கத்தில் அவர் வீட்டில் சோறு சாப்பிட்டவர்கள் மட்டும் சுமார் 50 பேர். கடன் ஏறிக் கொண்டே போயிற்று.

முதல் மணி அடித்தது

1773-ம் ஆண்டு வசந்த காலம். ஹண்டருக்கு வயது 45. திடீரென்று மேல் வயிற்றில் வலி வந்தது. நின்றார், உட்கார்ந்தார், படுத்தார். வலி நிற்கவில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். பிணம் போல் வெளுத்திருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாடியே இல்லை! மூச்சுத் தானாக வரவில்லை. முயற்சி செய்து ஒவ்வொரு மூச்சாக இழுத்து விட்டார். அண்ணன் வில்லியமும் வேறு டாக்டர்களும் ஓடி வந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் நாடி கிடைக்கவில்லை. முக்கால் மணி நேரம் இப்படி இருந்து, பிறகு மெல்லத் தெளிந்தது.

1776-ல் மற்றொரு நோய். ஒரு நண்பருக்காக அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பரால் கட்ட முடியவில்லை. கையில் பணம் இல்லாத நேரத்தில் பெருந்தொகை கட்ட வேண்டி வந்தது. அந்தக் கவலையோடு வெளியூர் போனபோது தலை சுற்ற ஆரம்பித்தது. படுக்கை அந்தரத்தில் தொங்குவது போல இருந்தது. தன் உடம்பே 2 அடி நீளமாகச் சுருங்கி விட்டது போலத் தோன்றியது. சின்ன வெளிச்சம், சின்ன சத்தம் கூடத் தாங்கவில்லை. பல நாள் படுக்கையில் கிடந்தார். ஜாமீன் போட்டுத் தூக்கம் இழந்தவர்கள் நம்மிலும் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்கு இது புரியும்.

மறுவருஷம் ஓய்வுக்காக பாத் என்ற ஊருக்குப் போனார். அங்கே அவரைப் பார்க்க ஜென்னர் வந்தார். ஜென்னர் 1770-ல் மாணவராக வந்து, ஹண்டர் வீட்டிலேயே 2 ஆண்டு தங்கிப் படித்தவர். குருவைப் பார்த்ததும் சீடருக்கு நெஞ்சு திக்கென்றது. இது மார்வலி நோய் என்று கண்டுகொண்டார்.

மார்வலி நோயை லண்டன் டாக்டர் ஹெபர்டன் என்பவர் 1768-ல்தான் முதன்முதலாக விவரித்திருந்தார். அது எதனால் வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஜென்னருக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்த நோயில் இறந்தவர்களை அறுத்துப் பார்த்தபோது, இருதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் கெட்டியாகி அடைத்திருப்பதை அவர் பார்த்திருந்தார். இதை வெளியிட்டால் அவருக்குப் பெரும் பெயர் கிடைக்கும். ஆனால் வெளியிட்டால் ஹண்டர் படிப்பார். தன் நோய் தீராதது என்று தெரிந்து கொள்வார். ஆகவே ஜென்னர் வாயை மூடிக்கொண்டார். ஹெபர்டனுக்கு மட்டும் கடிதம் எழுதினார். குருவின் மனம் நோகக்கூடாது என்பதற்காகப் புகழையே விட்டுக் கொடுத்த சீடர்! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் ஜென்னர்தான்.

தம்பியும் அண்ணனும்

1780-ல் ஒரு வினை வந்தது. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் தாய்க்கும் நடுவில் நஞ்சுக்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்தது யார்? தான்தான் என்று ஜான் விஞ்ஞானிகள் சங்கத்தில் கட்டுரை படித்தார். இல்லை, நான்தான் என்று வில்லியம் கடிதம் எழுதினார். ஊரே வேடிக்கை பார்த்தது. தம்பிக்கு நாடி பிடித்துப் பார்த்த அதே அண்ணன், தம்பியோடு பேசுவதை விட்டார்.

1783-ல் வில்லியம் மரணப் படுக்கையில் விழுந்தார். தம்பி போய் வைத்தியம் செய்தார். ஆனால் உயிலைப் பிரித்தபோது, தம்பிக்கு ஒரு காசு இல்லை. பிறந்து வளர்ந்த பண்ணை கூட சகோதரி மகன் மாத்யூ பெய்லிக்கு எழுதப்பட்டிருந்தது. பெய்லி நல்லவர். அது மாமாவுக்குச் சேர வேண்டியது என்று பண்ணையை ஜானிடமே கொடுத்து விட்டார்.

எது வலி தரும்? எது தராது?

1785-க்குப் பிறகு நெஞ்சு வலி அடிக்கடி வந்தது. மேட்டில் ஏறினால் வரும். சாப்பிட்டதும் நடந்தால் வரும். அதைவிட, மனம் கலங்கினால் வரும். வீட்டில் உடன் இருந்தவர் மனைவியின் தம்பி எவரார்ட் ஹோம். அவரும் டாக்டர். ஹண்டருக்கு வலி வந்த விவரங்களை எல்லாம் அவர் பிறகு எழுதி வைத்தார்.

தேனீக்கள் கூட்டைவிட்டுக் கிளம்பப் போகின்றனவா இல்லையா என்று ஹண்டர் ஒரு நாள் காத்திருந்தார். அந்தத் தவிப்பில் நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆராய்ச்சிக்கு வேண்டிய ஒரு பெரிய பூனை தப்பி ஓடிவிடுமோ என்று பதறினார். உடனே வலி. வேலைக்காரன் சொன்னதைச் செய்யவில்லை என்று கோபம் வந்தால், அதுதான் எல்லாவற்றையும் விட மோசம்.

ஆனால் ஒரு அதிசயம். பரிதாபமான கதையைக் கேட்டாலோ, சொன்னாலோ, அவர் கண்ணில் தாரை தாரையாக நீர் வரும். தொண்டை அடைத்துப் பேச முடியாமல் நிறுத்தி விடுவார். அப்போது நெஞ்சு வலி வராது! இரக்கம் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆத்திரமும் பதற்றமும்தான் நெஞ்சைப் பிடித்தன.

இவ்வளவும் தெரிந்தும் அவரால் கோபத்தை அடக்க முடிந்ததா? இல்லை. சாதுவாக இருக்கும்படி நோயாளிக்குச் சொல்வது எளிது. தானே அப்படி இருப்பது கஷ்டம். அதிலும் ஹண்டர் நாக்கில் நெருப்பு வைத்திருந்தவர். மட்டமான வேலையைக் கண்டால் மட்டம் என்று முகத்துக்கு நேரே சொல்லி விடுவார்.

அக்டோபர் 16

செயிண்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் மற்ற டாக்டர்களுக்கும் அவருக்கும் ஆகவில்லை. 1792-ல் காலியான ஒரு டாக்டர் பதவிக்கு ஹண்டர் தன் மைத்துனர் ஹோமை நிறுத்தினார். எதிர்க்கட்சி ஜெயித்தது. அடுத்து சம்பளத் தகராறு. ஆஸ்பத்திரியில் படிக்கும் மாணவர்கள் கட்டும் பணத்தை டாக்டர்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கொள்வது வழக்கம். மாணவர்கள் வருவதோ ஹண்டருக்காக. பாடம் சொல்லாதவர்களுக்குப் பங்கு எதற்கு என்று ஹண்டர் கேட்டார். நிர்வாகிகள் அவருக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வேறு சில புது விதிகளும் போட்டார்கள். முன்பே வைத்தியம் படித்ததற்குச் சான்று இல்லாத மாணவனைச் சேர்க்கக்கூடாது என்பது ஒன்று.

இந்த விதி தெரியாமல் ஸ்காட்லாந்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். ஹண்டரைத் தேடி அத்தனை தூரம் வந்தவர்கள். தன்னைப் போலவே, புத்தகப் படிப்பு இல்லாமல் லண்டன் வந்த பிள்ளைகள். நிர்வாகக் கூட்டத்தில் உங்களுக்காகப் பேசுகிறேன் என்று ஹண்டர் வாக்குக் கொடுத்தார்.

1793-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி கூட்டம். அன்று காலையில் வீட்டுக்கு வந்த ஒருவரிடம், இன்று வாக்குவாதம் வரும் போல் இருக்கிறது, வந்தால் என் உயிருக்கே ஆபத்து என்று சொன்னார். சொல்லிவிட்டுப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்தாகி விட்டது.

கூட்டத்தில் எழுந்து பேசினார். நடுவில் ஒரு டாக்டர், அவர் சொன்னது உண்மை அல்ல என்று வெடுக்கென்று மறுத்தார். ஹண்டர் பேச்சை நிறுத்தினார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. கொதிப்பை அடக்கிக் கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அங்கே நின்ற ஒரு டாக்டரை நோக்கித் திரும்பினார். ஒரு பெரிய முனகல். அவர் கைகளில் சாய்ந்தார். உயிர் போய்விட்டது. வயது 65.

உடலை மூடு பல்லக்கு ஒன்றில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவருடைய குதிரை வண்டி, ஆள் இல்லாமல் பின்னால் வந்தது.

செத்த பிறகு தன்னையும் அறுத்துப் பார்க்க வேண்டும் என்பது ஹண்டரின் விருப்பம். அதன்படி செய்தார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் எலும்புக் குழாய் போலக் கெட்டியாகி இருந்தன. ஜென்னர் 16 ஆண்டுகளுக்கு முன் பயந்தது சரியாகப் போயிற்று.

கோபம் எப்படி நெஞ்சைத் தொடுகிறது?

ரத்தம் கொதிக்கிறது, வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று நாம் சொல்கிறோம். இவை வெறும் பேச்சு இல்லை.

அமெரிக்க விஞ்ஞானி வால்டர் கேனன் 1915-ல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கோபமும் பயமும் வந்தால், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற திரவத்தை ரத்தத்தில் கலக்கின்றன. நாடி வேகமாக அடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கும், எதிரியோடு சண்டை போடுவதற்கும் உடம்பு செய்து கொள்ளும் ஏற்பாடு இது. ஹண்டர் சிறுத்தையைப் பிடித்தபோது உதவியதும் இதுவே. ஆனால் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. உட்கார்ந்த இடத்தில் நெஞ்சு மட்டும் ஓடுகிறது. வேகமாக ஓடும் இருதயத்துக்கு அதிக ரத்தம் வேண்டும். குழாய் அடைத்திருந்தால் ரத்தம் எப்படிப் போகும்? வலி வருகிறது. சில சமயம் துடிப்பே தாறுமாறாகி நின்று விடுகிறது.

ஆகவே கோபம் மட்டுமே அவரைக் கொன்றது என்று சொல்லக்கூடாது. குழாய் முதலிலேயே கெட்டிருந்தது. கோபம் அதில் கடைசி அடி. கோபம் வெடித்த பிறகு 2 மணி நேரம் வரை மாரடைப்புக்கு உள்ள அபாயம் மற்ற நேரத்தைவிட 4 மடங்குக்கு மேல் இருக்கிறது என்று, பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் கணக்கிட்டார்கள். நல்ல உடம்புக்காரருக்கு அந்த அபாயம் முதலிலேயே மிகச் சிறிது. ஆகையால் 4 மடங்கும் சிறிதுதான். இருதய நோய் உள்ளவருக்கு அப்படி இல்லை.

திடீர்க் கோபம் ஒரு பக்கம். ஓயாத கவலை மற்றொரு பக்கம். கடன், பகை, தூக்கம் இல்லாமை, அண்ணன் தம்பி மனஸ்தாபம், ஹண்டருக்கு எது குறைவு? 1936-ல் கனடா நாட்டில் ஹான்ஸ் செலி என்ற விஞ்ஞானி எலிகளை வைத்துச் சோதனை செய்தார். குளிர், காயம், ஓயாத ஓட்டம் என்று எந்தக் கஷ்டம் கொடுத்தாலும் எலியின் உடம்பில் ஒரே மாதிரி மாறுதல் வந்தது. சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி வீங்கியது. வயிற்றில் புண் வந்தது.

ஹண்டர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஒயிட்ஹால் இருக்கிறது. அரசாங்க ஆபீஸ்கள் நிறைந்த வீதி. 1967-ல் தொடங்கி, அங்கே வேலை பார்த்த சுமார் 18 ஆயிரம் ஆண்களின் உடல்நிலையைக் கவனித்து வந்தார்கள். பெரிய அதிகாரிகளுக்குத்தான் கவலை அதிகம், மாரடைப்பும் அவர்களுக்கே என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கணக்கு நேர்மாறாக இருந்தது. கீழ்ப்படியில் இருந்தவர்கள் இருதய நோயால் இறந்தது, மேல்படியில் இருந்தவர்களைப் போல 3 மடங்குக்கு மேல்! புகைபிடிப்பது, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் தீரவில்லை. தன் வேலையில் தன் சொல்லுக்கு மதிப்பு இல்லாத நிலை நெஞ்சைப் பாதிக்கிறது என்று 1985-ல் தொடங்கிய அடுத்த ஆராய்ச்சி காட்டியது. இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளிவந்த ஆராய்ச்சியும், வீட்டுக் கவலை, வேலைக் கவலை, பணக் கவலை மூன்றையும் மாரடைப்போடு சேர்த்து எழுதியிருக்கிறது.

ஹண்டர் விட்டுச் சென்றது

கணவர் இறந்ததும் ஆன் அம்மாளுக்கு மிஞ்சியது கடன். மேஜை நாற்காலிகளும் புத்தகங்களும் ஏலம் போயின. பணக்கார வீட்டுப் பெண்கள் இருவருக்குத் துணையாக இருந்து அந்த அம்மாள் காலம் தள்ளினார்.

சேகரித்து வைத்த பொருள்கள் சுமார் 14 ஆயிரம். வாங்கிக் கொள்ளும்படி அரசாங்கத்தைக் கேட்டார்கள். பிரான்சோடு போர் நடந்த சமயம். வெடிமருந்து வாங்கவே பணம் இல்லை, ஜாடிகள் எதற்கு என்று பிரதமர் பிட் கையை விரித்தார். 6 ஆண்டு கழித்து, 1799-ல்தான் 15 ஆயிரம் பவுனுக்கு வாங்கினார்கள்.

அந்த 6 ஆண்டும் அவற்றைக் காத்தவர் வில்லியம் கிளிப்ட் என்ற பையன். 17-வது வயதில் ஹண்டரிடம் வேலைக்கு வந்தவன். வாரம் 7 ஷில்லிங் கூலி. ஆள் இல்லாத வீட்டில் ஜாடிகளைத் துடைத்துக் கொண்டு இருந்தான். ஹண்டர் எழுதிய காகிதங்களை ராத்திரியில் பிரதி எடுத்தான். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! மைத்துனர் ஹோம், அந்தக் காகிதங்களில் உள்ள கண்டுபிடிப்புகளைத் தன்னுடையவை போல வெளியிட்டார். பிறகு 1823-ல் மூலப் பிரதிகளை எரித்து விட்டார். பையன் எடுத்த பிரதிகள்தான் மிஞ்சின.

ஹண்டர் செய்தவை எல்லாம் நியாயம் என்று சொல்ல முடியாது. அயர்லாந்து நாட்டு ராட்சத மனிதர் சார்லஸ் பைர்ன் 1783-ல் இறந்தார். ஹண்டர் கையில் சிக்கக்கூடாது, தன்னைக் கடலில் போட்டு விடுங்கள் என்று அவர் கெஞ்சிக் கேட்டிருந்தார். ஹண்டர் காவல் இருந்தவர்களுக்கு லஞ்சம் கொடுத்து உடலைக் கொண்டு போனார். அந்த எலும்புக்கூடு லண்டன் ரண சிகிச்சைக் கல்லூரியின் ஹண்டர் காட்சி சாலையில் 200 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து அங்கிருந்த பொருள்களில் பெரும் பகுதி நாசமானபோதும் அது தப்பியது. 2023-ல் காட்சி சாலையைப் புதுப்பித்துத் திறந்தபோது, அதை மக்கள் பார்வைக்கு வைக்கவில்லை.

ஹண்டர் உடலை ஒரு மாதா கோயிலின் நிலவறையில் வைத்திருந்தார்கள். 1859-ல் அந்த நிலவறையை மூட ஏற்பாடு நடந்தது. பிராங்க் பக்லாண்டு என்ற டாக்டர், அங்கே அடுக்கிக் கிடந்த ஆயிரக்கணக்கான சவப்பெட்டிகளைப் பல நாள் புரட்டி, ஹண்டர் பெயர் பொறித்த பெட்டியைக் கண்டுபிடித்தார். அது மார்ச் 28-ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.